காற்று யாருடையது?

சிறிய நாட்டால் என்ன செய்ய இயலும்? உழுதுண்டு வாழும் சிற்றூர்களுக்கு மின்னாக்கம் எதற்கு? அவையெல்லாம் வல்லரசுகளும் பெருமுதலாளியரும் செய்யத்தக்கவை என்று ஓதித் திரிவார் எல்லா நாட்டிலும் உளர். அவர்தம் வாயை அடைக்கும் வரலாறு தென்மார்க்கு நாட்டினது. அவ்வரலாற்றையே இன்று பெருங்குழுமங்கள் தம் புகழ்மாலையாக்கிச் சூடிக்கொள்வதுதான் கொடுமை!

ஏறத்தாழ 60 நூறாயிரம் மக்களே வாழும் நாடு அது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி மூண்டபோது, அதன் ஆற்றல் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு அயல்நாட்டு எண்ணெயையே நம்பியிருந்தது. கணப்பும் விளக்கும் அயலார் கையில்! அணுமின் நிலையங்களே தீர்வென மின்குழுமங்கள் முழங்கின. மக்கள் பல்லாண்டு எதிர்த்து நின்றனர். 1985-இல் நாடாளுமன்றமே அணுமின் திட்டத்தைக் கைவிட்டது.

மாற்று எங்கிருந்து வந்தது? தலைநகர் மாளிகைகளிலிருந்தா? இல்லை. ஆசுக்கோவு என்னும் சிற்றூரின் மக்கட் கல்விக்கூடத்தில் ஆசிரியராயிருந்த பவுல் இலா கூர், 1891-இலேயே காற்றாலையால் மின்னாக்கிக் காட்டினார். சிற்றூர் மின்வினைஞரையும் பயிற்றுவித்தார். 1970-களின் நடுவில் கிறித்தியன் இரீசாகர் என்னும் தச்சர் தாமே காற்றாலை செய்து மின்கம்பியோடு இணைத்தார். அவர்வழி உழவரும் கம்மியரும் ஊர்கூடிப் பங்கிட்டுக் காற்றாலை நாட்டினர். 1979 முதல் அரசு நாட்டுசெலவில் 30 விழுக்காட்டை நல்கையாகத் தந்தது. அருகில் வாழ்வோரே பங்கு பெறலாம் என்பது அன்றைய விதி. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நூறாயிரத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் காற்றாலைப் பங்காளராயிருந்தன. அவ்வித்தே முளைத்து, இன்று அந்நாட்டு மின்னாற்றலில் பாதிக்குமேல் காற்றினின்று பிறக்கிறது.

ஆனால், விதைத்தவன் ஒருவன். அறுத்துச் செல்பவன் வேறொருவன்! அருகில் வாழ்வோர்க்கே பங்கு என்ற விதி படிப்படியாகத் தளர்ந்து மறைந்தது. தூண்கள் உயர்ந்தன; ஊராரின் உரிமை சுருங்கிற்று. புதிய காற்றாலைகளில் ஐந்திலொரு பங்கையேனும் அண்டை வாழ்வோர்க்கு விற்க முன்வரவேண்டும் என 2008-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. 2020-இல் அதுவும் கைவிடப்பட்டது. உரிமைப் பங்கிற்கு மாற்றாக ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை! உரிமையாளனைக் கையேந்துவோனாக்க இதனினும் எளிய வழி உண்டா?

சிற்றூரார் புதிய காற்றாலைகளை எதிர்த்தால், அறிவியல் அறியாதார் என்று ஏசுவோர் உளர். நூறாண்டுகட்கு முன்பே காற்றிலிருந்து மின் எடுக்கக் கற்ற ஊர்களுக்கா அறிவியல் தெரியாது? இரைச்சலும் நிழலும் தமக்கு, ஊதியம் பிறர்க்கு என்னும் முறைகேட்டைக் கண்டு நெஞ்சு கொதிப்பது குற்றமா?

இன்றைய காற்றாலைகள் உழவரால் வாங்கத்தக்கன அல்ல என்பர். பொய்! தென்மார்க்கின் சாம்சோ தீவே அதற்கு விடை. அங்கு வாழ்வோர் நாலாயிரம் பேரளவே. 1997-இல் வற்றா ஆற்றலுக்கான தீவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபின், அவர்கள் நிலத்தில் 11, கடலில் 10 காற்றாலைகளை எழுப்பினர். நிலத்தில் நிற்பவை உழவர்க்கும் கூட்டுறவுக்கும் உரியவையாக எழுந்தன. கடலில் நின்றவற்றுள் ஐந்து ஊராட்சிக்கு உரியவை. கடனும் சட்டமும் துணைநிற்குமாயின் சிற்றூரும் கடலில் தூண் நாட்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

காற்றாற்றலை நாடும் சிறு நாடுகள் தென்மார்க்கினின்று முதற்கண் கற்க வேண்டியது இந்தப் பங்கு முறையையே. முதலில் ஊரார்க்கு உரிமைப் பங்கு; அதன்பின்னரே குழுமத்திற்கு இசைவு. இதுவே சட்டமாதல் வேண்டும். தம் தலைமேல் வீசும் காற்றில் பங்கில்லா மக்கள் காற்றாலையைக் காவார். பங்குடைய மக்கள் அதனைக் கைவிடார்!