போக்கர்: வரிசை தெரிந்தால் போதுமா?



தீபாவளிக்கு மறுநாள் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். இரண்டு மாதச் சம்பளத்தைப் போக்கரில் இழந்திருக்கிறான். கடிந்துகொண்டேன். "அது சூதாட்டமில்லை ஐயா, திறமை. அடிப்படையெல்லாம் எனக்குத் தெரியும்" என்றான்.

சொல் பார்ப்போம் என்றேன். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே எண்ணில் மூன்று, ஸ்ட்ரெய்ட், ஃபிளஷ், ஃபுல் ஹவுஸ் என்று வாய்பாடுபோல ஒப்பித்தான். ஃபிளஷ் ஏன் ஸ்ட்ரெய்ட்டை வெல்கிறது என்று கேட்டேன். விழித்தான்.

பத்தே நிமிடத்தில் போக்கர் கற்றுத் தருவோர் இந்த வரிசையைத்தான் அடிப்படை என்கிறார்கள். நான் மறுக்கிறேன். 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை 2,598,960 விதமாக எடுக்கலாம். எண் வரிசையாக அமையும் ஸ்ட்ரெய்ட் அவற்றுள் 10,200. ஐந்தும் ஒரே இனமான ஃபிளஷ் 5,108. அரிதானது வெல்கிறது, அவ்வளவே. பாதிக்கும் மேல், அதாவது 1,302,540 கைகளில், ஒரு ஜோடிகூடத் தேறாது! இதைச் சொல்லாமல் வரிசையை மட்டும் சொல்வது என்ன கற்பித்தல்?

அவன் தோற்ற ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். கையிலுள்ள இரண்டும் நடுவிலுள்ள பொதுச் சீட்டுகளுமாக நான்கு ஹார்ட் சேர்ந்திருந்தன. கடைசிப் பொதுச் சீட்டு மட்டுமே பாக்கி. அவன் காணாத 46 சீட்டுகளில் ஹார்ட் 9. எதிராளியின் பந்தயத்தையும் சேர்த்து நடுவில் 150 வெள்ளி. தொடர்வதற்கு 50 வெள்ளி. நான்கில் ஒரு முறையாவது வென்றால்தான் போட்ட முதல் திரும்பும். வாய்ப்போ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. "மனசு சொல்லுச்சு ஐயா" என்றான். இடைநிலைப்பள்ளியில் நிகழ்தகவு படித்தவன்தான்!

2003-இல் லாஸ் வேகாஸில் கிறிஸ் மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றதை எடுத்துக்காட்டினான். அப்போட்டியில் ஆடியோர் 839 பேர். மற்றவருள் ஒருவர் பெயரையேனும் அவனால் சொல்ல முடியவில்லை.

திறமை வேண்டும் என்பது உண்மையே. ஆனால் திறமை எதிரே அமர்ந்திருப்பவனைத்தான் வெல்லும். மேசை நடத்துபவன் ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் பங்கை என்ன செய்வது? ஆறு பேர் ஆளுக்கு 100 வெள்ளியோடு அமர்கிறார்கள் என்று வையுங்கள். குவியல் சராசரி 60 வெள்ளி, பங்கு நூற்றுக்கு ஐந்து, மணிக்கு 30 ஆட்டம். நான்கு மணி நேரத்தில் மேசைக்கு எவ்வளவு போகும் என்று அவனையே தாளில் கணக்கிடச் சொன்னேன்.

360 என்று எழுதினான். அறுநூற்றிலிருந்து கழித்தும் பார்த்தான். அதன்பின் முறுக்குத் தட்டைத் தொடவில்லை.