ஈயடிச்சான் காப்பி செட்டப்

கிரான் டுரிஸ்மோ ஆடும் மக்களே, முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். யூட்யூபில் எவரோ போட்ட செட்டப்பைப் பார்த்து, எண்ணுக்கு எண் தட்டிவிட்டு "கார் டியூன் பண்ணிட்டேன்" என்று மார்தட்டுகிறவர்கள் எதையும் டியூன் பண்ணவில்லை. ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இங்கே நாக்பூரில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டாளமே கூடி, மாற்றி மாற்றி கிரான் டுரிஸ்மோ 7 ஆடும். எல்லாம் காலேஜ் பசங்க. நடுவில் நாற்பத்தைந்து வயதில் நான் ஒருத்தன். (வீட்டம்மாவின் கருத்து இங்கே வேண்டாம்.) பசங்க என்னைவிட வேகம்தான். ஆனால் "ஏம்ப்பா, ஃபைனல் கியருக்கு ஏன் இந்த எண்?" என்று கேட்டுப் பாருங்கள். "அங்கிள், அதுதான் மெட்டா" என்பார்கள். மெட்டாவாம்!

பேங்க்காரனுக்கு இது பழகின வியாதி. லோனுக்கு வரும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் பருப்பு மில்லுக்கும் பேக்கரிக்கும் ஒரே வளர்ச்சி சதவீதம் இருக்கும். ஒரு பேக்கரி ரிப்போர்ட்டில் 'துவரை கொள்முதல்' என்றே இருந்தது. பெயரை மாற்றியவர் அதை மாற்ற மறந்துவிட்டார் :-)

மோன்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். 5.793 கிலோமீட்டர். நீள நீளமான நேர்பாதைகள், நடுநடுவே சிக்கேன். பின் இறக்கையைக் குறைத்தால் காற்றின் இழுவை குறையும், நேர்பாதையில் வேகம் கிடைக்கும். கடைசி கியரில், பிரேக் போடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் லிமிட்டரைத் தொடும் தொடாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் ஃபைனல் கியர்.

அதே காரை அப்படியே ஜப்பானின் சுகுபாவுக்குக் கொண்டுபோங்கள். ஒரு சுற்றே சுமார் 2 கிலோமீட்டர்தான். மோன்சாவுக்கு வைத்த கடைசி கியர் அங்கே சும்மா குந்தியிருக்கும். "சரி, இறக்கையை முழுசா ஏத்திடலாம்" என்பான் நம்மாள். இறக்கை தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 240 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 80-ல் கிடைக்கும். ஹேர்பின்னில் இறக்கை வெறும் அலங்காரம். அங்கே சோறு போடுவது ஸ்பிரிங்கும், ஆன்டி-ரோல் பாரும், டிஃபரன்ஷியலும்தான். மூக்கு திரும்ப மாட்டேன் என்கிறதா? முன் ஆன்டி-ரோல் பாரைத் தளர்த்து, அல்லது பின்னதை இறுக்கு. வால் வீசுகிறதா? தலைகீழாகச் செய். நூர்பர்க்ரிங் இன்னொரு கதை. 20.832 கிலோமீட்டரும் மேடு பள்ளம். தரையோடு தரையாக இறக்கி, இறுக்கி வைத்த கார் அங்கே தவளை மாதிரி குதிக்கும்.

"அங்கிள், காப்பி அடிச்சா டைம் குறையுதே?" குறையும், அந்த ஒரு ட்ராக்கில். செட்டப் போட்ட மகராசன் ஸ்டீயரிங் வீல் வைத்து ஓட்டுகிறார், நீ கட்டை விரலால் ஓட்டுகிறாய். அவர் கைக்குத் தைத்த சட்டை உனக்கு எதற்கு? 2024 ஜூலையில் வந்த அப்டேட் சஸ்பென்ஷன் கணக்கையே மாற்றியது. சில கார்கள் வானத்துக்கே எகிறின. அந்தக் கோளாறைச் சீக்கிரமே சரி செய்தார்கள், ஆனால் காப்பிப் பட்டாளம் அடுத்த வீடியோ வரும்வரை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. அந்தப் பசங்களில் ஒருவன் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். பி.காம் படித்த நான் நாற்பது வயதுக்கு மேல் வேக வர்க்கக் கணக்கை இந்த விளையாட்டில்தான் கற்றேன். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றி, ஐந்து சுற்று ஓட்டி, நோட்டில் எழுதினால் போதும். கார் உடையாது, டயர் செலவில்லை. அவன் காலேஜில் இப்படி ஒரு லேப் கிடைக்குமா? கிடைத்த லேபிலும் அடுத்தவன் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறானே!

வரும் ஞாயிறு சுகுபா. எல்லோர் மொபைலும் ஃப்ரிட்ஜ் மேலே. கம்பெனி செட்டப்பிலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் சொந்தமாக டியூன், அப்புறம் ரேஸ். தர்ரி போஹா என் செலவு. இதுவரை நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மெக்கானிக்கல் இன்னும் பதில் சொல்லவில்லை.