எந்த ஃபேனிடம் எதைக் கேட்பது?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு கம்ப்யூட்டர் கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சிபியூவுக்கு ஃபேன் வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இது கரண்ட் நிறைய இழுக்குமா?" என்பதாகத்தான் இருக்கும். கடைக்காரரும் "அதெல்லாம் இல்ல தம்பி, நல்லா சவுண்டா ஓடும், காத்து பிச்சிக்கும்" என்பார். வந்தவர் திருப்தியாக வாங்கிக்கொண்டு போவார். அதே ஆள் மறுவாரம் எலக்ட்ரிக்கல் கடைக்கு சீலிங் ஃபேன் வாங்கப் போவார். அங்கே அவர் கேட்பது, "பிரவுன் கலர்ல இருக்கா?"

இரண்டு கடையிலும் கேள்வி தப்பு! கரண்ட் கணக்கை சீலிங் ஃபேனிடம் கேட்க வேண்டும். சத்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் ஃபேனிடம் கேட்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் கரண்ட். கம்ப்யூட்டர் ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தால் 12 வோல்ட், 0.15 ஆம்பியர் என்பது போல ஏதோ ஒன்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1.8 வாட். கொஞ்சம் பெரிய ஃபேன் என்றால் 2 அல்லது 3 வாட். இதில் எவ்வளவு சிக்கனமான ஃபேனைத் தேடிப் பிடித்தாலும் மிச்சமாவது 1 வாட்தான். தினம் 10 மணி நேரம் என்று 60 நாள் ஓட்டினால் 0.6 யூனிட். ஒரு யூனிட் கூட இல்லை!

இப்போது தலைக்கு மேலே பாருங்கள். பழைய ரக சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்தது 30 வாட் அளவில் அதே வேலையைச் செய்யும். வித்தியாசம் 45 வாட். அதே 10 மணி நேரம், அதே 60 நாள். மிச்சம் 27 யூனிட். அதாவது கம்ப்யூட்டர் ஃபேனில் மிச்சம் பிடிப்பதைப் போல 45 மடங்கு.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இந்த பி.எல்.டி.சி. தொழில்நுட்பம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குட்டி ஃபேனில் பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. தலைக்கு மேலே அது வர 2012 ஆகிவிட்டது. அந்த ஆண்டில்தான் கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 35 வாட்டில் ஓடும் 'சூப்பர்ஃபேன்' என்ற சீலிங் ஃபேனைக் கொண்டுவந்தது. சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயமானதோ 2023 ஜனவரியில். அதற்குப் பிறகும் கலர் கேட்டு வாங்குகிறவர்களை என்ன சொல்வது?

சரி, கம்ப்யூட்டர் ஃபேன் கரண்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றால் எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? சத்தத்தைப் பற்றி.

ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேபை நினைத்துக்கொள்ளுங்கள். 20 கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றின் சத்தமும் 40 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். தூசி அடைத்து முழு வேகத்தில் ஓடும் ஃபேனுக்கு இது ஒன்றும் அதிகமில்லை. டெசிபல் நேரடியாகக் கூட்டக்கூடிய எண் அல்ல. ஒரே அளவுச் சத்தம் இரண்டு சேர்ந்தால் 3 டெசிபல் ஏறும், பத்து சேர்ந்தால் 10, இருபது சேர்ந்தால் 13. ஆக, சிமெண்ட் சுவரில் எல்லாம் எதிரொலிக்கும் அந்த அறையில் 50 டெசிபலைத் தாண்டிய இரைச்சல்.

2000ஆம் ஆண்டு மத்திய அரசின் ஒலி மாசு விதிகள், கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க வழி செய்கின்றன. அங்கே பகலில் வெளிச் சத்தத்துக்கு உச்ச வரம்பு 50 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பாடம் நடக்கும்போது வகுப்பறைப் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. பள்ளி வாசலில் ஹாரன் அடிக்கும் லாரியைத் திட்டுகிறோம். உள்ளே இருபது பெட்டிகள் நாள் முழுக்க இரைந்துகொண்டிருப்பதை "கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். கடைசி வரிசைப் பிள்ளைக்கு டீச்சர் சொன்னது காதில் விழவில்லை என்றால், அந்தப் பிள்ளை மக்கு என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது அநியாயம் இல்லையா?

"சீலிங் ஃபேன் சத்தத்தில் இதெல்லாம் எங்கே கேட்கப் போகிறது?" என்பார்கள். கேட்கும். மூன்று இறக்கை சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால், இறக்கைகள் ஒரு இடத்தைக் கடப்பது நொடிக்கு 18 தடவைக்கும் குறைவு. அந்த அதிர்வு நம் காதுக்கு எட்டாது. காற்றின் 'ஹூ' மட்டும்தான் கேட்கும். ஏழு இறக்கை குட்டி ஃபேன் 3000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 350 தடவை. அது காதுக்கு நன்றாகவே எட்டும். 'கொய்ய்ங்' என்று மண்டைக்குள் துளைக்கிறதே, அதுதான் இது.

அடுத்து, சத்தம் அதிகம் என்றால் சக்தி அதிகம் என்ற நம்பிக்கை. பட்டாசுக்கு வேண்டுமானால் இது பொருந்தலாம். ஃபேனுக்குப் பொருந்தாது. ஒரு ஃபேனின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் காற்று 20 சதவீதம்தான் குறையும். ஆனால் அது இழுக்கும் மின்சாரம் பாதியாகிவிடும், சத்தம் சுமார் 5 டெசிபல் இறங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் எட்டில் ஒரு பங்கு, சத்தத்தில் 15 டெசிபல் குறைவு. அதாவது கடைசி 20 சதவீதக் காற்றுக்காகத்தான் அவ்வளவு கூச்சலும்! 80 மில்லிமீட்டர் ஃபேனை வெறித்தனமாகச் சுற்றவிடுவதற்குப் பதில் 120 மில்லிமீட்டர் ஃபேனை நிதானமாகச் சுற்றவிட்டால், அதே காற்று பாதிக்கும் குறைவான வேகத்தில் கிடைத்துவிடும். ஒரு நிபந்தனை: மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குத் தள்ளும் அழுத்தம் குறைவு. ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தூசி அடைத்துக் கிடந்தால் அது தோற்றுப்போகும்.

அங்கேதான் நம் ஊர் வருகிறது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே 40 கிலோமீட்டர் கூட இல்லை. சென்னை - திருச்சி நெடுஞ்சாலை இரண்டு ஊரையும் தொட்டுத்தான் போகிறது. தூசிக்குப் பஞ்சமில்லை. கத்திரி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "நம்ம ஊர் சூட்டுக்கு ஃபேன் முழு வேகத்தில் ஓடித்தான் ஆகணும்" என்பது இங்கே எல்லோரும் சொல்லும் சமாதானம். பாதி உண்மை. எந்த ஃபேனும் அறைச் சூட்டுக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. அறை 10 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும். அதனால்தான் வெயில் காலத்தில் தூசி தட்டுவது அவசியமாகிறது. தூசியை அப்படியே விட்டுவிட்டு ஃபேனை அலறவிடுவது, ஜன்னலை மூடிவிட்டு விசிறியை வேகமாக வீசுவது மாதிரி.

செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் தூசி தட்டுவது. பயோஸில் ஃபேன் வேகத்தைச் சூட்டுக்கு ஏற்ப மாறும்படி வைப்பது. புதிதாக வாங்கும்போது நான்கு முனை கொண்ட ஃபேனாக வாங்கி மதர்போர்டிலேயே செருகுவது. பவர் சப்ளை ஒயரில் நேரடியாகச் செருகினால் அது எப்போதும் முழு 12 வோல்ட்டில் கத்திக்கொண்டேதான் இருக்கும். அட்டைப்பெட்டியில் டெசிபல் போட்டிருந்தால், "எத்தனை தூரத்தில் அளந்தது?" என்று கேட்பது. தூரம் சொல்லாத டெசிபல், பஸ்ஸில் ஏறும் இடம் சொல்லாமல் டிக்கெட் விலை சொல்வது போல.

மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு இன்னும் பெரிய பொறுப்பு உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மின்விசிறித் திட்டத்தையும் மாணவர்களுக்கான மடிக்கணினித் திட்டத்தையும் ஒரே நாளில் தொடங்கியது. இரண்டுமே ஃபேன் விஷயம்தான்! அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் டெண்டரில், விசிறிக்கு இத்தனை வாட், கணினிக்கு இத்தனை டெசிபல் என்று இரண்டு வரி எழுதினால் சந்தையே திரும்பிப் பார்க்கும்.

அதுவரை? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு வாட் மீட்டர், ஒரு டெசிபல் மீட்டர், பக்கத்துப் பள்ளி லேபில் ஒரு மதியம். அளந்து, தூசி தட்டி, மறுபடி அளந்து அந்த இரண்டு எண்களையும் சுவரில் ஒட்டிவிட்டு வரட்டும். ரோபோ செய்வதை விட இது சின்ன ப்ராஜெக்ட்தான். ஆனால் மறுநாள் கடைசி வரிசைப் பிள்ளைக்குப் பாடம் கேட்கும்.