வாளேந்தா வீரர்

சென்ற வாரம் செஞ்சியை அடுத்த தொண்டூரிலே பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். தேநீர்க் கடை வாயிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கைகாட்டி அழைத்தார்.

"தேசிங்கு ராசா கதைய நாடகமாப் போட்டியாமே தம்பி! எங்க வக்கீலு கதைய எப்பப் போடப்போறே?" என்றார்.

சிரித்தேன். வக்கீல் கதையில் நாடகம் ஏது? வாய்தா உண்டு, வக்காலத்து உண்டு, வாளேது, வேலேது? பாயும் பரி ஏது, பாடும் புலவன் ஏது? ஆனால் அவர் சிரிக்கவில்லை. சொன்னார், கேட்டேன். கேட்டதை உங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்பை நீங்களே கூறுங்கள்.

பட்டாளத்திலே பதினைந்து ஆண்டு பணியாற்றியவராம் அந்த வழக்கறிஞர். பனிமலை எல்லையில் நின்று காத்தவர், ஊர் திரும்பியதும் ஓய்வூதியமே போதுமென்று திண்ணையில் சாய்ந்துவிடவில்லை. தம்பிமார் போன்ற மாணவர்களுக்கிடையே அமர்ந்து சட்டம் பயின்றார். செஞ்சி வழக்குமன்றத்தில் கருப்பு அங்கி அணிந்தார். "சென்னைக்கு வா, உயர்நீதிமன்றம் இருக்கிறது, உயர்ந்த வருவாய் இருக்கிறது" என்றனர் உடன் பயின்றோர். "ஊர் இங்கே இருக்கிறதே" என்றாராம் அவர்.

முதியவரின் தங்கை ஒரு கைம்பெண். கணவன் விட்டுச் சென்ற ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பட்டாவைக் கொழுந்தன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். ஏழாண்டு நடந்தது வழக்கு. நிலம் மீண்டது. வழக்கறிஞர் பெற்ற கட்டணம் என்ன தெரியுமா? ஒரு மூட்டை மணிலாக்கொட்டை! அதிலும் பாதியைத் திருப்பித் தந்தாராம். அதே மாதத்திலே, மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் மனைவியின் வளையல் அடகுக்கடைக்குச் சென்றது என்பதைப் பிறகுதான் ஊரார் அறிந்தனராம்.

இப்போது நான் சிரிக்கவில்லை.

தேசிங்கை நான் குறைத்துப் பேசுபவன் அல்லன். 1714ஆம் ஆண்டு, ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து, இளமை மாறாத வயதிலே களத்தில் வீழ்ந்தான் அந்த மாவீரன். செஞ்சி மலைக்கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு விம்முகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். களத்தில் வீழ்ந்தவனைப் பாடுகிறோம்; களத்திலிருந்து மீண்டு, கடமையைத் தொடர்ந்தவனைப் பாடுகிறோமா? ஒரு நாள் போரில் உயிரைத் தருவது வீரம். ஏழாண்டு வழக்கில் வாழ்வைத் தருவது எந்தக் கணக்கில் சேரும்?

அமெரிக்க நாட்டிலே ஒருவர் இருந்தார். பள்ளியிலே பயின்ற நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிறையாது. (கல்லூரியைப் பாதியில் விட்ட எனக்கு இதைக் கூறுவதிலே ஒரு தனி மகிழ்ச்சி!) 1832ஆம் ஆண்டு, செவ்விந்தியர் தலைவர் பிளாக் ஹாக்குடன் மூண்ட போருக்குத் தொண்டராகச் சென்றார். உடன் வந்தோர் அவரையே கேப்டனாகத் தேர்ந்தெடுத்தனர். எதிரியைக் கண்டாரா? இல்லை. கொசுக்களுடன்தான் குருதி சிந்தப் போரிட்டேன் என்று பின்னாளில், 1848இல், நாடாளுமன்றத்திலேயே தம்மைத் தாமே நையாண்டி செய்தார். ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் சிற்றூரிலே வழக்கறிஞர் பலகை மாட்டினார். குதிரையேறி ஊர் ஊராகச் சென்று குடியானவர் வழக்குகளை நடத்தினார். நான்கு ஆண்மக்களின் தந்தை. 1850இல் ஒரு மகனைப் பறிகொடுத்த தந்தை. ஆம், ஆபிரகாம் லிங்கன்தான்!

குறையற்றவரா அவர்? 1847இல், அடிமைகளுக்கு உரிமை கொண்டாடிய முதலாளிக்காகவும் வாதாடியவர்தான், அவ்வழக்கில் தோற்றவரும்தான். ஆயினும், அதே மனிதர்தான் அடிமை விலங்கொடிக்க ஆணை பிறப்பித்தார். 1861இல் குடியரசுத் தலைவராகப் புறப்பட்டபோது, வழக்கறிஞர் பலகையைக் கழற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று கூட்டாளியிடம் கூறிச் சென்றார். வெள்ளை மாளிகைக்குச் செல்பவருக்கு விருப்பம் எதிலே பாருங்கள்! அந்தப் பழைய பலகையிலே! 1865இல் கொலைகாரனின் குண்டு அவரைத் திரும்ப விடவில்லை.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் தென்கோடிக்கே வாருங்கள். பள்ளியாடியில் 1895இல் பிறந்த நேசமணி, நாகர்கோவில் வழக்குமன்றத்திலே நுழைந்த காலம். உயர்சாதி வழக்கறிஞருக்கு நாற்காலி, மற்றவருக்கு முக்காலி என்றிருந்ததாம் அங்கே. முக்காலியை அவர் எட்டி உதைத்தார் என்று குமரி மக்கள் இன்றும் சொல்வர். திருவிதாங்கூர்த் தமிழரின் தாயகக் கோரிக்கைக்குத் தலைமை ஏற்றார். 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் துப்பாக்கி வெடித்தது. தமிழர் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1ஆம் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் குமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. எந்தப் பட்டாளத்திலும் பதவி வகிக்காத அந்த வழக்கறிஞரை மக்கள் எப்படி அழைத்தனர்? மார்ஷல் நேசமணி! போர் காணாத கேப்டன் அங்கே. படையில்லாத மார்ஷல் இங்கே. இருவருக்கும் பட்டம் தந்தவர் எவர்? மன்னரல்லர், மக்கள்!

தொண்டூர் முதியவரின் வழக்கறிஞருக்கு இத்தகைய பட்டமில்லை, வேண்டியதும் இல்லை. ஆனால், நம்மிடம் ஒரு கேள்வி வேண்டும். ஏழைக்கு இலவசச் சட்ட உதவி தருவது அரசின் கடமை என்று 1976இலேயே அரசியல் சட்டத்தில் பிரிவு சேர்த்தாயிற்று. 1987இல் தனிச்சட்டம் இயற்றி, 1995 முதல் நடைமுறைக்கும் கொண்டுவந்தாயிற்று. பெண் என்றால் வருமான வரம்புகூடக் கிடையாது. எந்தப் பெண்ணும் உதவி கேட்கலாம். வட்டந்தோறும் குழு அமைக்கவும் வழி இருக்கிறது. ஏட்டிலே இத்தனை இருக்க, தொண்டூர்க் கைம்பெண்ணின் காதிலே அது விழவில்லையே, ஏன்? அரசு செலுத்த வேண்டிய கடனை, ஒரு மனிதரின் மனைவி தன் வளையலை அடகு வைத்துச் செலுத்துவதா?

அவரைப் புகழ்ந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் தெருவிலே நிலமிழந்து நிற்கும் பெண்ணிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள். வழக்குமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சட்டம் பயிலும் தம்பிமாரே! பட்டணத்துக் கதவுகளைத் தட்டுமுன் ஒரு முறை செஞ்சியைத் திரும்பிப் பாருங்கள்.

முதியவருக்கு அன்று நான் விடை கூறவில்லை. இன்று கூறுகிறேன்: பெரியவரே, எழுதத் தொடங்கிவிட்டேன். என் அடுத்த நாடகத்திலே குதிரை வராது, கோட்டை வராது. திரை விலகும்போது ஒரு கருப்பு அங்கி தெரியும். அதன் அருகே, வளையலற்ற ஒரு கை தெரியும்.