"குனியாம நின்னா சரியாத்தான் இருக்கு பாப்பா!" - அப்பாவின் ஆன்லைன் சட்டையும் 449 ரூபாய் சாக்ஸும்

தீபாவளிக்கு மறுநாள் காலை. குடும்பமா எடுத்த போட்டோக்களை போன்ல தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு இருந்தேன். அப்பத்தா புதுச் சேலையில, தம்பி புது ஜீன்ஸ்ல, அக்கா பொண்ணு ஜிகுஜிகு ஃபிராக்ல. அப்பா மட்டும் போன வருஷத்துச் சட்டையில!

"ஏம்ப்பா, புதுசு போடலையா?"

"போட்டேனே பாப்பா. சாமி கும்பிடுறப்ப போட்டேன். அழுக்காயிரும்னு கழட்டி வெச்சிட்டேன்."

அடுப்படியில இருந்து அம்மா குரல் வந்துச்சு. "புள்ளைகிட்ட பொய் சொல்லாதீக. நெஞ்சுகிட்ட பட்டன் இழுத்துப் பிடிக்கு. மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நின்னாக."

அப்பா சிரிச்சார். "குனியாம நின்னா சரியாத்தான் இருக்கு பாப்பா."

பார்சல் வந்து 12 நாள் ஆகியிருந்தது. அந்த 12 நாளும் போன்ல, "சட்டை எப்படிப்பா இருக்கு?"ன்னு கேட்டப்பல்லாம் அவர் சொன்ன ஒரே பதில், "சூப்பர்." ரிட்டர்ன் பண்ண மிச்சம் இருந்தது ரெண்டே நாள்.

எங்க ஊர் தீபாவளிக் கணக்கு

எங்க ஊர் புதூர். மதுரை கே.புதூர் இல்லைங்க. தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் தாலுகா புதூர். வானம் பார்த்த கரிசல் காடு. பருத்திக்குப் பேர்போன மண்ணு. கோவில்பட்டியில 1901-லயே ஆராய்ச்சி நிலையம் வெச்சு, மானாவாரிப் பயிர்களை ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. இந்தப் பக்கத்துக் கருங்கண்ணிப் பருத்தி தாத்தா காலத்துல அவ்வளவு பிரபலம். பஞ்சு இங்க இருந்து போகும். துணி எங்கெங்கோ சுத்தி பார்சலா திரும்பி வரும்!

ஆனா தீபாவளி வர்ற நேரம் எங்க ஊருக்குத் தோதான நேரமில்லை. புரட்டாசி, ஐப்பசிதான் விதைப்பு. கையில இருக்கிற காசு விதைக்கும் உரத்துக்கும் உழவுக்கும் போயிரும். மகசூல் வர்றது தையில. அதனால தீபாவளித் துணி பெரும்பாலும் கடன்தான். ஜவுளிக்கடை நோட்டுல பேர் ஏறும். தையில அடிச்சு விடுவாங்க.

"இந்த வருஷம் நோட்டுல பேர் ஏற வேண்டாம், என் சம்பளத்துல மொத்தமா நானே எடுக்கிறேன்"னு சென்னையில இருந்து வீறாப்பா சொன்னேன். ஒரு பெரிய மால் கடையோட வெப்சைட்டைத் திறந்தேன். ராத்திரி 11 மணிக்கு மெட்ராஸ் ரூம்ல உட்கார்ந்து, புதூர்ல இருக்கிற அஞ்சு பேருக்கும் அரை மணி நேரத்துல துணி எடுத்து முடிச்சாச்சு. பெருமை தாங்கலை!

கார்ட்ல என்ன நடந்துச்சு?

அம்மா சேலை 1,499. அப்பத்தா சேலை 1,199. தம்பி ஜீன்ஸ் 1,299. பாப்பா ஃபிராக் 699. அப்பா சட்டை 899. மொத்தம் 5,595 ரூபாய்.

உடனே மேல ஒரு பட்டை மின்னுச்சு: '6,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 600 ரூபாய் தள்ளுபடி!' யோசிக்கவே இல்லை. 449 ரூபாய்க்கு ஒரு சாக்ஸ் செட்டை உள்ள போட்டேன். எங்க வீட்ல சாக்ஸ் போடுற ஆள் ஒருத்தரும் கிடையாது. மொத்தம் 6,044; தள்ளுபடி போக 5,444. சாக்ஸும் கிடைச்சு 151 ரூபாயும் மிச்சம்னு என் முதுகை நானே தட்டிக்கிட்டேன்.

இப்போ அப்பா சட்டையைத் திருப்பி அனுப்பலாம்னு ரிட்டர்ன் பட்டனைத் தட்டினா, கிடைக்கப்போற தொகை 299 ரூபாய்னு காட்டுச்சு. 899 ரூபாய் சட்டைக்கு 299! கஸ்டமர் கேர்ல கேட்டேன். சட்டை போயிட்டா மீதி 5,145 ரூபாய்க்குத்தான் பொருள் இருக்கு; 6,000-க்குக் கீழ வந்துட்டதால 600 தள்ளுபடி ரத்தாம். ஆஃபருக்கு அடியில விதிமுறையில அது எழுதியே இருக்கு. நான்தான் படிக்கலை.

பேப்பர்ல கணக்குப் போட்டேன். சாக்ஸே எடுக்காம இருந்திருந்தா, சட்டையைத் திருப்பினதும் என் செலவு 4,696. இப்போ 5,145. அதாவது, சாக்ஸுக்கு முழுசா 449 ரூபாய் அழுதிருக்கேன். நூறு நாள் வேலைக்கு தமிழ்நாட்டுல 2025-26-க்கு அறிவிச்ச ஒரு நாள் கூலி 336 ரூபாய். அம்மா ஒரு நாள் முழுக்க வெயில்ல மண்ணு அள்ளினாலும் அந்த சாக்ஸை வாங்க முடியாது. இதை அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.

அடுத்த அடி: 'உங்கள் பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்லை.' நாமளே பேக் பண்ணி அனுப்பணும், இல்லைன்னா பக்கத்துக் கிளையில கொடுக்கணும். பக்கத்துக் கிளை திருநெல்வேலியில! கொடுக்க மட்டும் வாசல் வரை வந்தாங்க. வாங்க வர மாட்டாங்க. பஸ் காசும் பார்சல் காசும் போனா 299-ல என்ன மிஞ்சும்? சட்டை தம்பிக்குப் போச்சு.

அளவு ஏன் இப்படிக் கழுத்தறுக்குது?

அப்பாவோட பழைய சட்டை காலர்ல 42-ன்னு இருந்துச்சு. நானும் 42 போட்டேன். தப்பு எங்கன்னா, சில வெப்சைட்ல அளவுப் பட்டியல் உடம்போட மார்புச் சுற்றளவைச் சொல்லும். சில இடத்துல தைச்ச சட்டையோட சுற்றளவைச் சொல்லும். ரெண்டுக்கும் நடுவுல சில இன்ச் வித்தியாசம் வரும். அதுவும் 'ஸ்லிம் ஃபிட்'னா இன்னும் பிடிக்கும்.

நம்ம நாட்டுக்குன்னு பொதுவான ஓர் அளவுப் பட்டியல் வேணும்னு நிஃப்ட் கல்வி நிறுவனம் மூலமா 'இந்தியா சைஸ்'ங்கிற திட்டத்தை மத்திய அரசு அறிவிச்சது. 6 நகரங்கள்ல 25,000 பேரை 3டி ஸ்கேனர்ல அளக்குறதுதான் திட்டம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், ஷில்லாங். தமிழ்நாட்டு ஊர் எதுவும் அதுல இல்லை. அதனால, நம்ம அளவை நாமளே எடுத்து வெச்சுக்கிறதுதான் பாதுகாப்பு.

அடுத்த தடவை நான் செய்யப்போறது

* ஆர்டருக்கு முன்னாடி, அவங்களுக்குச் சரியா இருக்கிற ஒரு சட்டையை பாய்ல விரிச்சு, பட்டன் போட்டு, ஒரு அக்குள் தையல்ல இருந்து மறு அக்குள் தையல் வரை அளக்கச் சொல்லணும். அதை ரெண்டால பெருக்கினா சட்டையோட சுற்றளவு. தோள் அகலமும் வேணும். டேப் பிடிச்ச மாதிரியே ஒரு போட்டோ அனுப்பச் சொல்லணும்.

* குழந்தைங்களுக்கு '3-4 வயசு'ங்கிறதை நம்பாம, உயரத்தை சென்டிமீட்டர்ல பார்க்கணும்.

* பின்கோடைப் போட்டு டெலிவரி உண்டான்னு மட்டும் பார்த்தா போதாது. பிக்கப் உண்டான்னும் பார்க்கணும்.

* திருப்பி அனுப்ப வாய்ப்பிருக்கிற துணியைத் தனி ஆர்டரா போடணும். ஆஃபர் கோட்டைத் தாண்டுறதுக்காக வேண்டாத பொருளைச் சேர்க்கவே கூடாது.

* 2025 செப்டம்பர் 22 முதல், தைச்ச ரெடிமேட் உடை ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரைக்கும்னா ஜி.எஸ்.டி. 5%, அதைத் தாண்டினா 18%. கல்யாணத் துணி எடுக்கிறவங்க கவனிங்க.

சட்டம் எதுவரைக்கும் துணை?

அளவு சேரலைன்னா திருப்பி வாங்கியே ஆகணும்னு சட்டம் சொல்லலை. அது கடையோட கொள்கை. ஆனா கிழிஞ்ச துணி, படத்துல காட்டினதுக்கு மாறான துணி வந்தா, 'நோ ரிட்டர்ன்'னு தட்டிக்கழிக்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020 அப்படித்தான் சொல்லுது. ஒவ்வொரு வெப்சைட்லயும் குறைதீர் அலுவலர் பேர் இருக்கணும். உங்க புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துல உறுதிப்படுத்தி, ஒரு மாசத்துல தீர்க்கணும். உங்களைக் கேட்காம முன்கூட்டியே 'டிக்' போட்டு வெச்சு எதையும் வாங்க வைக்கக் கூடாது. 'இன்னும் 2 மட்டுமே மிச்சம்'னு பொய்யா அவசரப்படுத்துறது, கார்ட்ல கமுக்கமா பொருள் சேர்க்கிறது உட்பட 13 ஏமாற்று வேலைகளுக்கு 2023 நவம்பர் 30 அன்னைக்கே தடை போட்டிருக்காங்க.

புகாருக்கு 1915. தமிழ்லயே பேசலாம். அதுலயும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊர்ல இருந்தாலும், நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

கடைசியா...

அன்னைக்குச் சாயந்திரம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்க ஊர் ஜவுளிக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் டேப்பைத் தொடவே இல்லை. அப்பாவை ஒரு பார்வை பார்த்துட்டு, "மாமாவுக்கு 44 எடுடா"ன்னு பையன்கிட்ட சொன்னார். 750 ரூபாய். நான் பர்ஸை எடுக்குறதுக்குள்ள, "இருக்கட்டும்மா, தையில பாத்துக்கிடலாம்"னு நோட்டைப் பிரிச்சார். நான் விடலை. ஜிபே பண்ணிட்டுத்தான் வந்தேன்.

வெளிய வர்றப்போ அப்பா புதுச் சட்டையோட குனிஞ்சு செருப்பை மாட்டினார். பட்டன் ஒண்ணும் இழுக்கலை.

நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இது குனிஞ்சாலும் நல்லா இருக்கு பாப்பா"ன்னார்.

அப்புறம், உங்க அப்பா "சூப்பர்"னு சொன்னா நம்பாதீங்க. அம்மாகிட்ட கேளுங்க!