எள்ளுக்கொல்லையில் எமன் இல்லை

புவனகிரிப் பக்கம் எள் போட்டிருக்கும் பெரியவர் ஒருவர் பங்குனியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கூடவே அவர் குரல்: "தம்பி, வாலுல கொம்பு வச்ச புழு. கொட்டுனா ஆளே காலியாம். மருந்து வாங்கி வச்சிருக்கேன், அடிச்சிரட்டா?" பொறுங்கள் என்றேன். மாசிப்பட்டத்து எள் தழைக்கிற நாளில் சிதம்பரம் முதல் விருத்தாசலம் வரை இந்தப் பேச்சு ஓடுகிறது. அதில் ஒன்றுகூட உண்மை இல்லை.

கொம்பு கொட்டும் என்கிறார்கள். நான் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறேன். முழுதாக வளர்ந்த புழு ஒரு விரலைவிட நீளம். வழவழப்பான வெளிர்பச்சை உடம்பு, பக்கவாட்டில் ஏழு சாய்கோடுகள். கொம்பு கீழே வளைந்து நுனியில் மேலே சுருள்கிறது. தொட்டால் ரவை ஒட்டியதுபோல் சொரசொரக்கிறது, அவ்வளவுதான். குத்தும் முள்ளோ விஷப்பையோ அதில் கிடையாது. சீண்டினால் தாடையைத் தட்டி 'டிக் டிக்' என்று மிரட்டும். தோலை அரிக்க வைப்பவை முடியோ முள்ளோ உள்ள புழுக்கள்; இதற்கு இரண்டும் இல்லை. புழு கொட்டி விவசாயிகள் செத்தார்கள் என்று 2022இல் மகாராஷ்டிரத்துப் பருத்தி வயலைக் காட்டிப் பரவிய செய்தியும் பொய்தான். அந்தப் புழு வேறு இனம். கொட்டினால் எரியும், அதற்கு உயிர் போகாது.

அடுத்தது, இந்தப் புழுவிலிருந்து வரும் அந்துப்பூச்சியின் முதுகில் மண்டையோடு இருக்கிறது, வீட்டுக்குள் வந்தால் சாவு விழும் என்பது. மஞ்சள் செதில்களும் கறுப்புச் செதில்களும் சேர்ந்த கோலம் அது. அதில் மண்டையோட்டைப் பார்ப்பது நம் கண். சாவை அதன் பெயரில் ஏற்றியவர்கள் ஐரோப்பியர்கள். அகெரோன்டியா என்ற பேரினப் பெயர் கிரேக்கப் புராணத்தின் பாதாள ஆற்றிலிருந்து வந்தது. நம் வயலில் இருக்கும் இனத்துக்கு 1847இல் வெஸ்ட்வுட் வைத்த 'ஸ்டிக்ஸ்' என்பதும் அப்படியொரு ஆறுதான். இதையே ஐரோப்பாவின் 'அட்ரோபோஸ்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட தனி இனம். ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் அதன் நாடு. ஸ்டிக்ஸ் மேற்காசியாவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாக ஜப்பான் வரை பரவியது. 'லாகெசிஸ்' என்ற மூன்றாவது இனமும் இந்தியாவில் உண்டு. வயிற்றின் அடிப்புறத்தில் கறுப்புப் பட்டைகள் தெரிந்தால் அது லாகெசிஸ், வெறும் மஞ்சளாக இருந்தால் ஸ்டிக்ஸ்.

பிடித்தால் கீச்சென்று கத்துமே, அது கெட்ட சகுனம் இல்லையா? தொண்டைக்குள் காற்றை இழுத்துத் தள்ளும்போது எழும் சத்தம் அது, புல்லாங்குழலுக்குள் காற்று போவதைப்போல. தேன்கூட்டையே அழித்துவிடும் என்பதும் மிகை. அதன் உறிஞ்சுகுழல் குட்டை, தடிமன். பூவின் ஆழத்துக்கு எட்டாது, மெழுகறையைக் குத்தித் தேன் குடிக்கத் தோதானது. இரவில் கூட்டுக்குள் நுழைந்து கொஞ்சம் குடித்துவிட்டுப் போகும். வலுவான கூட்டில் தேனீக்களே அதைச் சூழ்ந்து கொன்றுவிடுவதும் உண்டு.

எனக்குப் பெரிய கவலை கடைசிப் பேச்சில்தான்: கண்டவுடன் மருந்து அடி. தாய்ப்பூச்சி முட்டைகளை ஒவ்வொன்றாக, இடம் மாற்றி மாற்றி இடுகிறது. அதனால் ஒரு செடியில் ஒரு புழு இருக்கும், பல செடிகளில் இருக்காது. தின்பது நிறையத்தான், மறுக்கவில்லை. ஆனால் எள்ளின் மகசூலை உண்மையில் குறைப்பவை தளிரைப் பிணைத்துக் காயைத் துளைக்கும் சின்னப் புழுவும், தத்துப்பூச்சி பரப்பும் பச்சைப்பூ நோயும். பூத்த எள்ளில் மருந்து அடித்தால் முதலில் சாவது தேனீ. கொம்புப்புழுவைக் கையால் பொறுக்கினால் போதும்; வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதும் அதுதான். இலைக்கடியில் பச்சையோடு பச்சையாக ஒட்டியிருப்பதால் நேரே தேடினால் அகப்படாது. தரையைப் பாருங்கள். மிளகைவிடப் பெரிதாக, வரிவரியாகப் பள்ளம் விழுந்த எச்சம் கிடக்கும். அதற்கு நேர் மேலே புழு இருக்கும். அறுவடைக்குப் பின் கோடை உழவு போட்டால் மண்ணுக்குள் இருக்கும் பழுப்புக் கூட்டுப்புழுக்கள் மேலே வரும். ஏர் பின்னால் நடக்கும் கொக்கும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பெரியவர் மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டார். அரைக்காணியில் ஒன்பது புழு. எச்சத்தை வைத்தே எல்லாவற்றையும் பிடித்தாராம். மருந்து டப்பாவைத் திறக்கவில்லை.