ஏரிக்கரையில் ஒரு வாரம்

தொழிலாளிக்கு ஓய்வு எதற்கு என்று கேட்கும் முதலாளிக்கு நாம் அமெரிக்காவையே காட்டுவோம். 1911-ல் நியூயார்க் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இளம்பெண்கள்.

அதே நகரத்துத் தையல் பெண்கள் 1919-ல் சங்கம் மூலம் பென்சில்வேனியா மலையில் ஏரிக்கரை விடுதி ஒன்றை வாங்கினார்கள். பெயர் 'ஒற்றுமை இல்லம்'. கோடையில் நீச்சல், படகு, சொற்பொழிவு, இரவில் நாடகம். மிஷின் சத்தமில்லை, மேஸ்திரி இல்லை. பின்னாளில் குழந்தை குட்டிகளோடும் வந்து தங்கினார்கள்.

அந்தச் சங்கத் தலைமை கம்யூனிஸ்டுகளை விரட்டியதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் ஏரிக்கரை தொழிலாளியின் சந்தாவில் வந்தது!

மலிவான கூலி தேடி முதலாளிகள் வேலையைக் கடல் கடத்தினார்கள். சங்கம் மெலிந்தது; 1990 வாக்கில் இல்லமும் மூடியது. அமெரிக்கா போகும் பனியனை இன்று திருப்பூரில் நம் பெண்கள் தைக்கிறார்கள். இவர்களுக்கு எந்த ஏரிக்கரை?